பாதரசமும் பல்கலைக்கழக ஆய்வகமும்: வேதிப்பொருள் இடர் மதிப்பீட்டின் வரலாறு

பல்கலைக்கழக ஆய்வகத்தில் கையாளப்படும் வேதிப்பொருள்களால் அங்கு வேலை செய்பவர்களின் உடல்நலத்துக்கு என்ன கேடு நேரலாம், அதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு, அது எத்தனை காலத்துக்குப் பின் வெளிப்படும் என்று வேலையைத் தொடங்கும் முன்பே கணிப்பது வேதிப்பொருள் இடர் மதிப்பீடு எனப்படும். இன்று பல நாடுகளில் இது ஆய்வு மாணவர் சேர்ந்தவுடன் நிரப்பும் படிவங்களில் ஒன்று. அந்தப் படிவத்தில் உள்ள கேள்விகள் ஒரே நாளில் எழுதப்பட்டவை அல்ல. அவற்றில் பல, ஓர் ஆய்வகத்தில் ஒருவர் நோயுற்ற பின்போ இறந்த பின்போ சேர்க்கப்பட்டவை.

தீங்கு, இடர் என்னும் இரு சொற்களையும் இத்துறை வேறுபடுத்திப் பயன்படுத்துகிறது. தீங்கு என்பது பொருளின் இயல்பு. இடர் என்பது அந்தப் பொருளை ஓர் அறையில், ஓர் அளவில், ஒரு முறையில் கையாளும்போது உண்டாகும் நிலை. கண்ணாடிக் குழாயில் அடைபட்டிருக்கும் பாதரசமும் தரைப் பிளவில் சிதறிக் கிடக்கும் பாதரசமும் ஒரே நஞ்சுதான். ஆனால் முதலாவது யாருடைய நுரையீரலையும் எட்டுவதில்லை. இரண்டாவது அந்த அறையில் உட்காரும் எல்லோருடைய நுரையீரலையும் எட்டுகிறது.

இந்த வேறுபாடு ஆய்வகங்களுக்குள் எவ்வளவு மெதுவாக வந்து சேர்ந்தது என்பதைக் காட்டப் பாதரசத்தைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. 1865இல் லண்டனிலும், 1920களில் பெர்லினிலும், 1997இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரிலும் அது வேதியியலாளர்களைத் தாக்கியது. பாதரசம் நஞ்சு என்பது மூன்று முறையும் முன்பே தெரிந்திருந்தது. அது எந்த வடிவில், எந்த வழியாக, எவ்வளவு உடலுக்குள் போகிறது, எத்தனை நாளில் வெளிப்படுகிறது என்பதுதான் தெரிந்திருக்கவில்லை; அல்லது தெரிந்தவர்களிடமிருந்து வேலை செய்பவர்களை எட்டியிருக்கவில்லை.

நாக்கும் மூக்கும் கருவிகளாக இருந்த காலம்

அளவுதான் ஒரு பொருளை நஞ்சாக்குகிறது என்ற கருத்தை 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் முன்வைத்தார். தொழில்களால் வரும் நோய்களைத் தொகுத்து இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமசினி 1700இல் ஒரு நூலை வெளியிட்டார். சுரங்கத் தொழிலாளர், முலாம் பூசுவோர், குயவர் ஆகியோரோடு வேதியியலாளர்களுக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. பாதரசம் கொண்டு முலாம் பூசுவோரின் நடுக்கத்தையும் அந்நூல் விவரிக்கிறது. ஆகவே வேதியியலாளரின் வேலை நோய் தரும் வேலை என்பது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அச்சில் இருந்தது.

ஆனால் வேதியியலாளர்கள் தங்களையே கருவிகளாகப் பயன்படுத்தினார்கள். புதிய பொருளின் சுவையையும் மணத்தையும் குறித்துவைப்பது அன்றைய ஆய்வு முறையின் பகுதி. ஸ்வீடனின் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே ஆர்செனிக், பாதரசம், ஹைட்ரஜன் சயனைடு ஆகியவற்றோடு பாதுகாப்பின்றி வேலை செய்து 1786இல் 43 வயதில் இறந்தார். ஹம்ப்ரி டேவி பிரிஸ்டலில் வாயுக்களைத் தானே சுவாசித்துச் சோதித்தார். 1812இல் நைட்ரஜன் ட்ரைகுளோரைடு வெடித்து அவருடைய கண்ணில் காயம் பட்டது. ராபர்ட் பன்சன் ஆர்செனிக் கலந்த காக்கோடைல் சேர்மங்களை ஆராய்ந்தபோது நிகழ்ந்த வெடிப்பில் வலக்கண்ணின் பார்வையை இழந்தார்.

மூக்கை நம்புவதில் உள்ள பிழையைக் கல்லூரிகளின் உப்புப் பகுப்பாய்வு வகுப்பே காட்டும். கிப் கருவியிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம் வேதியியல் மாணவர்களுக்கு நன்கு பழக்கமானது. மிகக் குறைந்த செறிவில்கூட மூக்கு அதை உணரும். ஆனால் காற்றில் 10 லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது மோப்ப நரம்பு செயலற்றுப்போய் நாற்றம் தெரியாமல் போகிறது. ஆபத்து கூடும் இடத்தில் எச்சரிக்கை நின்றுவிடுகிறது. பாதரச ஆவிக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை.

தனியொரு அறிஞரின் துணிச்சலாக இருந்த இது பலருடைய பிரச்சினையாக மாறியது கற்பிக்கும் ஆய்வகங்கள் தோன்றியபோது. 1824இல் 21 வயதில் கீசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான யுஸ்டுஸ் ஃபான் லீபிக், பயன்படாமல் கிடந்த ஒரு படைமுகாம் கட்டடத்தில் மாணவர்கள் தாமே சோதனை செய்து கற்கும் ஆய்வகத்தை உருவாக்கினார். பல நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் அதே முறையைத் தம் ஊர்களுக்கு எடுத்துச் சென்றார்கள். அதன் பிறகு ஒரே அறையில் பலர் ஒரே காற்றைச் சுவாசித்தார்கள். எந்தப் பொருளைக் கையாள்வது என்று முடிவெடுத்தவர் பேராசிரியர்; அதைக் கையாண்டவர் உதவியாளரோ மாணவரோ. இடரைத் தேர்ந்தெடுப்பவரும் அதற்கு ஆளாகுபவரும் வெவ்வேறு ஆட்களானது இங்குதான்.

1865: லண்டனில் இரண்டு உதவியாளர்கள்

கரிமப் பகுதி இணைந்த உலோகச் சேர்மங்களைத் தயாரிப்பது 19ஆம் நூற்றாண்டின் நடுவில் முன்னணி ஆராய்ச்சியாக இருந்தது. 1858இல் ஜார்ஜ் பக்டன் டைமெத்தில் மெர்க்குரியைத் தயாரித்தார். ஒரு பாதரச அணுவோடு இரண்டு மெத்தில் தொகுதிகள் இணைந்த நிறமற்ற நீர்மம் அது, எளிதில் ஆவியாகும், கொழுப்பில் கரையும்.

லண்டன் செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையின் வேதியியல் ஆய்வகத்தில் இந்தச் சேர்மத்தைத் தயாரிக்கும் வேலையில் இருந்த இரண்டு உதவியாளர்கள் நோயுற்றார்கள். கைகள் மரத்துப்போயின, கேட்கும் திறனும் பார்வையும் குறைந்தன, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, பின் நினைவு தவறியது. ஒருவர் 1865இல் இறந்தார். மற்றவர் ஏறக்குறைய ஓராண்டு படுக்கையில் கிடந்து இறந்தார். இருவரும் இளைஞர்கள். மருத்துவமனை வெளியிட்ட அறிக்கைகளில் இவர்களின் நோய்க் குறிப்புகள் அச்சாயின.

அன்றைய மருத்துவர்கள் அறிந்திருந்த பாதரச நோய் வேறு. ஈறு வீங்குதல், எச்சில் ஊறுதல், கை நடுங்குதல் ஆகியவை உலோகப் பாதரசமும் அதன் உப்புகளும் தரும் அடையாளங்கள். லண்டன் உதவியாளர்களிடம் தெரிந்ததோ மூளையின் பார்வை, கேள்வி, சமநிலைப் பகுதிகள் அழிந்ததன் அடையாளங்கள். ஒரு தனிமத்தின் நச்சுத்தன்மையை அறிந்ததால் அதன் எல்லாச் சேர்மங்களின் நச்சுத்தன்மையையும் அறிந்ததாகாது என்பது இந்த இரு மரணங்கள் கொடுத்த பாடம்.

அந்தப் பாடம் வேதியியல் பாடத்திட்டத்துக்குள் வரவில்லை. மருத்துவ இலக்கியத்தில் தங்கிவிட்டது. இங்கிலாந்தில் மெத்தில் பாதரசப் பூசணக்கொல்லி தயாரித்த தொழிலாளர்களிடம் அதே அறிகுறிகளை டொனால்டு ஹன்டரும் அவருடைய சகாக்களும் 1940இல் விவரித்தார்கள். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட கொள்ளை நோய்க்குக் கரிமப் பாதரசமே காரணம் என்று குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1959இல் அறிவிக்க, ஹன்டரின் விவரிப்போடு செய்த ஒப்பீடு உதவியது.

ஆல்ஃபிரட் ஸ்டாக்: தன் உடலை அளந்தவர்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலோகப் பாதரசம் ஆய்வகங்களின் அன்றாடப் பொருளாகிவிட்டது. வெற்றிடப் பம்புகள், அழுத்தமானிகள், வெப்பமானிகள், வாயு அளக்கும் கருவிகள் எல்லாவற்றிலும் அது இருந்தது. 1922இல் பிராகில் யரோஸ்லாவ் ஹைரோவ்ஸ்கி உருவாக்கிய போலரோகிராபி முறையில் பாதரசத் துளிகளே மின்முனை. அம்முறை பரவிய இடமெல்லாம் பாதரசமும் போனது. இந்தியாவிலும் நவீன வேதியியல் ஆராய்ச்சியின் தொடக்கத்தில் பாதரசம் உண்டு. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராய் 1896இல் மெர்குரஸ் நைட்ரைட்டைத் தயாரித்ததாக அறிவித்தது அவருக்கு உலகப் புகழைத் தந்தது.

பெர்லினில் கைசர் வில்ஹெல்ம் நிறுவனத்தில் போரான், சிலிக்கான் ஹைட்ரைடுகளை ஆராய்ந்தவர் ஆல்ஃபிரட் ஸ்டாக் (1876–1946). காற்றுப் பட்டால் எரியும் இந்தச் சேர்மங்களைக் கையாளப் பாதரச அடைப்பான்கள் கொண்ட வெற்றிடக் குழாய்த் தொகுதியை அவர் வடிவமைத்தார். அவருடைய அறையில் பாதரசம் எப்போதும் திறந்திருந்தது. பல ஆண்டுகளாக அவருக்குத் தலைவலி, மயக்கம், மூக்கடைப்பு, செவி மந்தம். பின்பு நினைவாற்றலே குறையத் தொடங்கியது. பெயர்கள் மறந்தன, எளிய கணக்கும் கடினமானது, விரிவுரை நிகழ்த்துவது பெரும்பாடானது. அவருடைய உதவியாளர்களும் களைப்பும் சிடுசிடுப்பும் கொண்டவர்களாக இருந்தார்கள். அதிக உழைப்பே காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

1924இல்தான் காரணம் பாதரச ஆவி என்பது தெளிவானது. 1926இல் ஸ்டாக் தம் நோயின் முழு வரலாற்றையும் ஜெர்மன் வேதியியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார். மனம் சோர்ந்ததையும் அறிவு மழுங்கியதையும் ஒரு பேராசிரியர் தம் பெயரோடு சக வேதியியலாளர்களுக்கு எழுதியது அரிய செயல். மற்றவர்கள் இதே நிலைக்கு வரக்கூடாது என்பதே அவர் சொன்ன நோக்கம்.

கட்டுரையோடு அவர் நிற்கவில்லை. காற்றிலும் சிறுநீரிலும் உடல் திசுக்களிலும் உள்ள பாதரசத்தை மைக்ரோகிராம் அளவுக்கும் கீழே அளக்கும் முறைகளைப் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கினார். நடுக்கமும் ஈறு வீக்கமும் வருவதற்கு மிக முன்பே, மிகக் குறைந்த செறிவு நெடுங்காலம் தொடர்ந்தால் மனமும் நினைவும் பாதிக்கப்படும் என்று காட்டினார். சிந்திய பாதரசத்தை எப்படித் திரட்டுவது, தரை எப்படி அமைய வேண்டும், காற்றோட்டம் எப்படி வேண்டும் என்று நடைமுறை விதிகளையும் எழுதினார்.

இடர் மதிப்பீட்டின் மூன்று கூறுகள் ஸ்டாக்கின் வேலையில் முதன்முறையாக ஓர் ஆய்வகத்துக்குள் ஒன்றுசேர்ந்தன: காற்றை அளப்பது, உடலுக்குள் போனதை அளப்பது, இரண்டையும் அறிகுறிகளோடு பொருத்திப் பார்ப்பது. அறிகுறி தெரியும்வரை காத்திருப்பது மதிப்பீடு ஆகாது என்பதும் அதிலிருந்து பெறப்பட்டது.

எண்கள் பிறந்த இடம் தொழிற்சாலை

வாயுக்களின் பாதுகாப்பான எல்லையைச் சோதனையால் கண்டறியும் முயற்சி 1880களில் ஜெர்மனியில் தொடங்கியது. மாக்ஸ் குரூபர் 1883இல் கார்பன் மோனாக்சைடை விலங்குகளுக்கும் பின் தமக்கும் கொடுத்துப் பார்த்தார். வூர்ட்ஸ்பர்க்கில் கார்ல் லேமன் பல தொழிற்சாலை வாயுக்களை இவ்வாறு ஆராய்ந்தார். செறிவை நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும் எண்ணே நச்சு விளைவைத் தீர்மானிக்கிறது என்ற விதி ஃபிரிட்ஸ் ஹாபரின் பெயரால் வழங்குகிறது. அது முதல் உலகப் போரின் நச்சு வாயு ஆராய்ச்சியிலிருந்து வந்த விதி.

அமெரிக்காவில் 1938இல் தொடங்கப்பட்ட அரசுத் தொழில்நலவியலாளர் மாநாடு, 1946இல் 148 பொருள்களுக்குக் காற்றில் இருக்கத்தக்க உச்ச அளவுகளின் பட்டியலை வெளியிட்டது. அதில் பாதரசத்துக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம். இன்று அதே அமைப்பின் பரிந்துரை 0.025 மில்லிகிராம். எல்லை நான்கில் ஒரு பங்காகக் குறைந்ததற்குக் காரணம் பாதரசம் மாறியது அல்ல. நரம்பு மண்டலத்தின் சிறு பாதிப்புகளையும் கண்டறியும் சோதனைகள் வந்ததே.

இந்த எண்ணின் பொருளை ஒரு வகுப்பறைக் கணக்கால் புரிந்துகொள்ளலாம். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3.5 மீட்டர் உயரம் உள்ள ஆய்வகத்தின் கொள்ளளவு 280 கன மீட்டர். இந்த அறை முழுவதும் 0.025 மில்லிகிராம் என்ற எல்லையை எட்ட 7 மில்லிகிராம் பாதரசம் ஆவியானால் போதும். பாதரசத்தின் அடர்த்தி நீரைப்போல 13.6 மடங்கு என்பதால், 7 மில்லிகிராம் என்பது சுமார் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை. 20 டிகிரி செல்சியஸில் காற்று பாதரச ஆவியால் முழுவதும் நிறைந்தால் ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 13 மில்லிகிராம் இருக்கும். அது எல்லையைப்போல 500 மடங்குக்கும் மேல். வெப்பம் கூடினால் இது இன்னும் உயரும். சன்னல் திறந்திருந்தால் உண்மைச் செறிவு மிகவும் குறையும். சன்னல் மூடிய அறையில் மேசை இடுக்குகளில் பல ஆண்டுகள் சேர்ந்த துளிகள் அதை ஏற்றிக்கொண்டே இருக்கும். காற்றோட்டம் குறித்த கேள்வி மதிப்பீட்டுப் படிவத்தில் வருவது இதனால்தான்.

ஆனால் இந்த எல்லைகள் தொழிற்சாலைக்காக எழுதப்பட்டவை. ஒரே பொருள், ஒரே இடம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே அவற்றின் அடிப்படை. பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒருவர் ஒரே வாரத்தில் பல பத்துப் பொருள்களைத் தொடுகிறார்; ஒவ்வொன்றிலும் சில மில்லிலிட்டர்; சில நாள் 14 மணி நேர வேலை. அவற்றுள் சில அன்றுதான் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டவை. அவற்றுக்கு எந்தப் பட்டியலிலும் எண் இல்லை. மூன்று நான்கு ஆண்டுகளில் அவர் பட்டம் பெற்றுப் போய்விடுகிறார். பின்னாளில் நோய் வந்தால் அதை ஆய்வகத்தோடு பொருத்திப் பார்க்க ஆள் இருப்பதில்லை.

நெடுங்கால விளைவை அறிய மக்கள்தொகை ஆய்வுகள் தேவைப்பட்டன. 1948 முதல் 1967 வரை இறந்த அமெரிக்க வேதியியல் சங்க ஆண் உறுப்பினர்களின் இறப்புக் காரணங்களை ஃபிரெட்ரிக் லீயும் சகாக்களும் ஆராய்ந்து 1969இல் வெளியிட்டார்கள். நிணநீர்ப் புற்றும் கணையப் புற்றும் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன. எந்தப் பொருள் காரணம் என்று இத்தகைய ஆய்வால் சொல்ல முடியாது. ஆனால் பென்சீனைச் சாதாரணக் கரைப்பானாகப் பயன்படுத்திய, பென்சிடினைக் கையால் எடுத்த தலைமுறையின் பழக்கங்களைக் கேள்விக்கு உட்படுத்த அது உதவியது.

சட்டம் ஆய்வகத்துக்குள் வருதல்

பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் பணியிட நலவாழ்வு மற்றும் பாதுகாப்புச் சட்டம் பல்கலைக்கழகங்களையும் உள்ளடக்கியது. அதன் கீழ் உருவான, உடல்நலத்துக்குக் கேடான பொருள்களுக்கான விதிகள் 1989 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. மதிப்பீடு செய்யாமல் அத்தகைய பொருளைக் கொண்டு வேலையைத் தொடங்கக் கூடாது என்பது அவற்றின் மையக் கட்டளை. அமெரிக்காவில் ஆய்வகங்களுக்கென்று தனி விதி 1990 ஜனவரி 31 அன்று வெளியானது. ஒவ்வோர் ஆய்வகமும் எழுத்தில் ஒரு வேதிப் பாதுகாப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும், அதற்குப் பொறுப்பான அலுவலர் இருக்க வேண்டும், புற்று உண்டாக்குபவை, கருவைப் பாதிப்பவை, கடும் நச்சுள்ளவை ஆகியவற்றுக்குச் சிறப்பு ஏற்பாடு வேண்டும் என்று அது வகுத்தது.

இவற்றின் வழியே உருவான மதிப்பீட்டு முறை ஐந்து படிகளைக் கொண்டது.

முதலாவது, பொருளை அடையாளம் காணுதல்: வாங்கிய பொருள் மட்டுமல்ல, வினையில் உண்டாகும் இடைப்பொருளும் கழிவும் சேர்த்து.

இரண்டாவது, அது உடலுக்குள் போகும் வழி: மூச்சு, தோல், வாய், ஊசி குத்தல்.

மூன்றாவது, அளவும் நேரமும்: எவ்வளவு எடுக்கப்படுகிறது, எவ்வளவு எளிதில் ஆவியாகும், எத்தனை முறை செய்யப்படுகிறது.

நான்காவது, கட்டுப்பாடு: முதலில் பொருளையே மாற்ற முடியுமா என்று பார்ப்பது, முடியாவிட்டால் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டு, அதன் பிறகு வேலை முறை, கையுறையும் முகமூடியும் கடைசி.

ஐந்தாவது, எழுதிவைத்தல், முறை மாறும்போது மீண்டும் பார்த்தல்.

2003இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட உலகப் பொது வகைப்பாட்டு முறையால் சிவப்புச் சாய்சதுரக் குறியீடுகள் பல நாட்டுப் புட்டிகளிலும் ஒன்றாயின. முதல் படி அதனால் எளிதானது. மற்ற நான்கையும் புட்டியின் மேல் ஒட்டிய தாள் செய்துதர முடியாது.

சட்டத்தில் ஓர் இடைவெளியும் இருந்தது. அமெரிக்க விதி பணியாளர்களுக்கானது. சம்பளம் பெறாத மாணவர் அதன் வரம்புக்குள் வருவதில்லை. 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், காற்றில் தீப்பற்றும் டெர்ஷரி பியூட்டைல் லித்தியத்தைக் கையாண்ட 23 வயது ஆய்வு உதவியாளர் தீக்காயமடைந்து அடுத்த மாதம் இறந்தார். அவர் சம்பளம் பெற்றவர் என்பதால் தொழிலாளர் சட்டம் பொருந்தியது. வழக்குக் குற்றவியல் நீதிமன்றம் வரை போனது. அதே மேசையில் சம்பளமற்ற மாணவர் நின்றிருந்தால் அந்தச் சட்டம் எட்டியிருக்காது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் வேதிப்பொருள்களின் அனுமதிக்கத்தக்க அளவுகள் சேர்க்கப்பட்டன. அச்சட்டமும் உற்பத்தி நடக்கும் இடங்களை எண்ணி எழுதப்பட்டதே; பாடம் நடக்கும் ஆய்வகத்தை எண்ணி அல்ல.

1996–97: டார்ட்மவுத்

டார்ட்மவுத் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், குரோமியம் உள்ளிட்ட உலோகங்கள் உயிரணுக்களுக்கு எப்படிக் கேடு செய்கின்றன என்பதில் வல்லுநர். நச்சுத்தன்மையே அவருடைய ஆராய்ச்சிப் பொருள். 1996 ஆகஸ்ட் 14 அன்று அவர் காந்த ஒத்ததிர்வு நிறமாலைக்கு ஒப்பீட்டுப் பொருளாக டைமெத்தில் மெர்க்குரியைப் பிப்பெட்டால் எடுத்தார். புகைக்கூண்டுக்குள் வேலை செய்தார். லேடெக்ஸ் கையுறை அணிந்திருந்தார். சில துளிகள் கையுறை மேல் விழுந்தன. சிந்தியதைத் துடைத்தார், கையுறையைக் கழற்றினார்.

ஐந்து மாதங்கள் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. 1997 ஜனவரியில் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. இரத்தத்தில் பாதரசம் ஒரு லிட்டருக்கு 4,000 மைக்ரோகிராம் இருந்தது. நச்சு எல்லையாகக் கருதப்படுவது 200. உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து கொடுக்கப்பட்டது. மூளைக்கு நேர்ந்த சேதத்தை மீட்க முடியவில்லை. பிப்ரவரியில் நினைவிழந்தார். ஜூன் 8 அன்று, 48 வயதில், சிந்திய நாளிலிருந்து 298ஆம் நாள் இறந்தார். லண்டன் உதவியாளர்களின் நோய்க் குறிப்பில் இருந்தவையும் இவருடைய அறிகுறிகளும் ஒன்றே. இடையில் 130 ஆண்டுகளுக்கும் மேல்.

அவருடைய தலைமுடியை நீளவாக்கில் பகுத்து ஆராய்ந்தபோது, பாதரசம் ஆகஸ்டுக்குப் பின் திடீரென உயர்ந்து, பின் சீராகக் குறைந்தது தெரிந்தது. பல நாள் கசிவு அல்ல. ஒரு நாள் விபத்து. உடலில் புகுந்த நீர்மம் அரை மில்லிலிட்டருக்கும் குறைவு என்று கணிக்கப்பட்டது. கையுறைகளைத் தனியாகச் சோதித்தபோது, டைமெத்தில் மெர்க்குரி லேடெக்ஸை 15 விநாடிக்குள் ஊடுருவியது. கையுறை கிழியவில்லை, உருகவில்லை, நிறம் மாறவில்லை. கண்ணுக்குக் கையுறையாகவே இருந்தது.

1990ஆம் ஆண்டு விதி கேட்ட திட்டம் அங்கு இருந்தது. புகைக்கூண்டும் கையுறையும் இருந்தன. விடுபட்டது இரண்டாவது படியில் ஒரு கேள்வி: இந்தக் கையுறை இந்தப் பொருளை எத்தனை விநாடி தாங்கும்? அந்தச் சோதனை விபத்துக்குப் பிறகே செய்யப்பட்டது. சக பேராசிரியர்கள் அவர் உயிரோடு இருக்கும்போதே, 1997 மே மாதம், வேதியியலாளர்கள் பரவலாகப் படிக்கும் வார இதழில் எச்சரிக்கைக் கடிதம் வெளியிட்டார்கள். தடித்த கையுறைக்கு உள்ளே பல அடுக்குப் பிளாஸ்டிக் கையுறை அணிய வேண்டும், முடிந்தவரை அந்தச் சேர்மத்தையே தவிர்க்க வேண்டும் என்ற அறிவுரை உலக ஆய்வகங்களுக்குப் போனது. ஒப்பீட்டுப் பொருளாக நச்சு குறைந்த பாதரச உப்புகள் பயன்பாட்டுக்கு வந்தன. தொழில் பாதுகாப்புத் துறை கல்லூரிக்கு 9,000 டாலர் அபராதம் விதித்தது. கையுறை நிறுவனங்களின் ஊடுருவல் அட்டவணைகள் இன்று மதிப்பீட்டுப் படிவத்தோடு சேர்த்துப் பார்க்கப்படுவதற்கு இந்த மரணம் ஒரு முக்கியக் காரணம்.

மான்செஸ்டர்: அச்சத்தையும் அளக்க வேண்டும்

மதிப்பீடு எப்போதும் ஆபத்தை உறுதிப்படுத்தும் என்பதில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எர்னெஸ்ட் ரூதர்ஃபோர்டு 1907 முதல் 1919 வரை கதிரியக்க ஆராய்ச்சி செய்த கட்டடத்தில் பிற்காலத்தில் உளவியல் துறை உள்ளிட்ட பிரிவுகள் இயங்கின. அங்கு வேலை செய்தவர்களில் சிலர் கணையப் புற்றால் இறந்ததும், பழைய கதிரியக்கப் பொருள்களும் தரைக்கு அடியில் தங்கிய பாதரசமும் காரணமாக இருக்கலாம் என்று முன்னாள் சகாக்கள் 2008இல் கேள்வி எழுப்பினார்கள். பல்கலைக்கழகம் சவுத்ஹாம்ப்டனைச் சேர்ந்த பேராசிரியர் டேவிட் காகனிடம் தனி விசாரணையை ஒப்படைத்தது.

கட்டடத்தில் எஞ்சியிருந்த அளவுகள், அவற்றுக்கு ஊழியர்கள் ஆளாகியிருக்கக்கூடிய அளவு, அந்தப் பொருள்கள் அந்தப் புற்றை உண்டாக்குமா என்ற அறிவியல் சான்று ஆகியவற்றை அவர் தனித்தனியே ஆராய்ந்தார். மாசு இருந்தது, ஆனால் அந்த மரணங்களுக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, தற்செயலான ஒன்றுசேர்தல் என்பதே பொருத்தமான விளக்கம் என்று 2009இல் முடிவு சொன்னார். இறந்தவர்களின் குடும்பத்துக்கு அந்த முடிவு ஆறுதலாக இருந்திருக்காது. ஆனால் கேள்வி எழுப்பியவர்களை வதந்தி பரப்புவோர் என்று ஒதுக்காமல், அவர்களுடைய ஐயத்தை அளவுகளோடு ஆராய்ந்து பொதுவில் பதில் தந்த விசாரணை அது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் யார், எதை, எங்கே சிந்தினார் என்ற பதிவு இருந்திருந்தால் வேலை எளிதாகியிருக்கும்.

இன்றைய நிலை

2013இல் கையெழுத்தாகி 2017 ஆகஸ்ட் 16 முதல் நடைமுறையில் உள்ள மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் உறுப்பு நாடு. பாதரச வெப்பமானி, அழுத்தமானி ஆகியவற்றின் உற்பத்தியையும் வணிகத்தையும் அது கட்டுப்படுத்துகிறது. புதிய ஆய்வகங்களில் அவற்றின் இடத்தை ஆல்கஹால் வெப்பமானிகளும் மின்னணு உணரிகளும் பிடித்துவிட்டன. பொருளையே மாற்றுவது என்ற நான்காம் படியின் முதல் விதி இது. பழைய கட்டடங்களின் மேசை இடுக்கிலும் கழிவுநீர்க் குழாயின் வளைவிலும் தங்கியிருக்கும் பாதரசத்துக்கு உடன்படிக்கை பொருந்தாது. அங்கு அளப்பவர்தான் வேண்டும்.

இந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றில் ஒவ்வொரு முறையும் அறிவு ஓர் இடத்தில் இருந்தது, ஆபத்து வேறிடத்தில் இருந்தது. மருத்துவமனை அறிக்கை வேதியியலாளர் கைக்குப் போகவில்லை. தொழிற்சாலை எண் ஆய்வகத்துக்குப் பொருந்தவில்லை. பணியாளர் சட்டம் மாணவரைச் சேர்க்கவில்லை. கையுறையைச் செய்தவரும் சேர்மத்தை விற்றவரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. இடர் மதிப்பீட்டுப் படிவம் இந்தச் சிதறிய அறிவை ஒரு தாளில், சோதனை தொடங்கும் முன், அதைச் செய்யப்போகும் மாணவரின் கண்முன் கொண்டுவரும் ஏற்பாடு. முந்தைய ஆண்டு மாணவர் எழுதியதைப் பார்த்து அப்படியே நகலெடுத்துக் கையெழுத்திடும்போது, அந்தத் தாளும் 1865ஆம் ஆண்டின் அறிக்கையைப்போல யாரும் படிக்காத ஒன்றாகிவிடுகிறது.